நோன்பு மாதத்தில் மருந்தின் வேளை மட்டுமல்ல, அளவும் மாற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ரமலான் நோன்பு பிடிப்பது பற்றி நம் ஊர்களில் இரண்டே பேச்சுதான் நடக்கிறது. மருத்துவமனையில் 'உங்களுக்கு நோன்பெல்லாம் வேண்டாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வீட்டில் 'காலை மாத்திரையை விடியலுக்கு முன் உண்ணும் ஸஹருக்குப் போடு, ராத்திரி மாத்திரையை நோன்பு திறந்ததும் போடு' என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் பேச்சைக் கேட்டவர் மருத்துவரிடம் சொல்லாமலே நோன்பு பிடிக்கிறார். இரண்டாவது பேச்சைக் கேட்டவர் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மயங்கி விழுகிறார். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை என்பதால்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது தவறை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மிகப் பரவலானது அதுதான். காலையில் போடும் மருந்து, காலை உணவையும் மதிய உணவையும் சமாளிப்பதற்காகக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. நோன்பு நாளில் அந்த இரண்டு உணவும் இல்லை. அதே அளவை விடியற்காலை ஸஹருக்குப் போட்டுக்கொண்டால், அடுத்த 13 மணி நேரம் வயிற்றில் எதுவும் விழாத நிலையில் மருந்து மட்டும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். காலையில் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விட்டு ஈடுகொடுக்கும். பிற்பகலில் அந்தச் சேமிப்பு குறையத் தொடங்குகிறது. மயக்கங்கள் பெரும்பாலும் மாலை மூன்று மணிக்கும் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கும் இடையில் நடப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ரமலானில் பெரிய உணவு நோன்பு திறந்த பிறகு உண்பது. அதனால் வழக்கமான காலை அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போகும். வழக்கமான இரவு அளவு, குறைக்கப்பட்டு, ஸஹருக்கு வரும். காலை 24 யூனிட், இரவு 16 யூனிட் என்று கலப்பு இன்சுலின் போடும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவான மருத்துவ வழிகாட்டுதலின்படி அவருக்கு நோன்பு திறக்கும்போது 24, ஸஹருக்கு 8 என்று அமையும். வீட்டுப் பேச்சைக் கேட்டு அவர் ஸஹருக்கு 24 போட்டுக்கொண்டால், தேவையைப் போல மூன்று மடங்கு ஏறிவிடுகிறது.

இந்தியா உட்பட 13 நாடுகளில் 2001ஆம் ஆண்டு ரமலானை வைத்து நடந்த எபிடியார் ஆய்வு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்குவது நோன்பு மாதத்தில், உடலில் இன்சுலினே சுரக்காத முதல் வகை நோயாளிகளிடம் 4.7 மடங்கும் இரண்டாம் வகை நோயாளிகளிடம் 7.5 மடங்கும் கூடியதைக் கண்டது. அதே ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறக்குறைய 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு பிடித்திருந்தார்கள். 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் பயன்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நோன்பு பிடிக்கத்தான் போகிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, யாரால் முடியும், எப்படி முடியும் என்று பேசுவதே அறிவு.

யாருக்கு நோன்பு ஆபத்து என்பதில் குழப்பம் இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகள். கடந்த மூன்று மாதத்துக்குள் பிறர் தூக்கி உட்காரவைக்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர்கள். சர்க்கரை இறங்குவதே உடம்புக்குத் தெரியாமல் போனவர்கள். இன்சுலின் போதாமல் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் கூடி அண்மையில் மருத்துவமனையில் கிடந்தவர்கள். சிறுநீரகம் பெரிதும் பழுதானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள். மாரடைப்பு, பக்கவாதம் வந்து இன்னும் நிலைப்படாதவர்கள். இவர்கள் நோன்பை விட்டுவிட வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9க்கு மேல் இருப்பவர்களும், தனியாக வசிக்கும் முதியவர்களும், வெயிலில் உடலுழைப்பு செய்பவர்களும் பிடிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை மருத்துவரிடம் கேட்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டாலும் மெட்ஃபார்மின் மட்டுமே போட்டும் சர்க்கரையைச் சரியாக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் கணக்கு தேவைப்படுகிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், நோயின் வகை, எத்தனை ஆண்டு ஆயிற்று, என்ன மருந்து, சிறுநீரகம் எப்படி, என்ன வேலை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் முறை இருக்கிறது. 3 வரை குறைந்த ஆபத்து, 3.5 முதல் 6 வரை நடுத்தரம், 6க்கு மேல் போனால் நோன்பு வேண்டாம். ஐந்து நிமிட வேலை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு செவிலியர் செய்துவிடலாம்.

மார்க்கத்தைப் பொறுத்தவரை, நோயாளிக்கும் பயணிக்கும் உள்ள சலுகை குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவாகவே இருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு வேறு நாளில் பிடித்துக் களாச் செய்ய முடிந்தவர் களாச் செய்யலாம். தீராத நோயால் முடியாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுக்கலாம். இதில் தம் நிலை எது என்று ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நோன்பை விடுவது ஈமான் குறைவு என்று நோயாளியின் காதுபடப் பேசும் உறவினர்கள்தாம் இங்கே பெரிய இடையூறு. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்ற எண்ணமும் அப்படியே. பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்துக்காக அல்லாமல் தோலுக்கடியிலும் தசையிலும் போடும் ஊசியும் நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் ஜித்தாவில் கூடியபோதே முடிவு சொல்லியிருக்கிறது. நோன்பு நேரத்தில் சர்க்கரை பார்க்காமல் இருப்பதற்கு மார்க்கம் காரணமாக இருக்க முடியாது.

இனி மருந்துகள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமாக இறக்காது. மூன்று வேளை போடுபவர் மதிய அளவை நோன்பு திறக்கும் வேளையோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வேளை மட்டும் என்றால் நோன்பு திறந்து சாப்பிடும்போது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகைக்கு அளவு மாற்றம் தேவையில்லை. கவனம் வேண்டியது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு குடும்பத்தில். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவைப்பவை இவை. இவற்றில் கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடலில் தங்குவதால் நோன்பு மாதத்துக்கு ஆகவே ஆகாது. வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற இரண்டையும் ஒரு வேளை போடுபவர் நோன்பு திறக்கும்போது போடலாம்; சர்க்கரை ஏற்கனவே நன்றாகக் கட்டுப்பட்டிருந்தால் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். இரண்டு வேளை போடுபவருக்கு ஸஹர் அளவு பாதியாகும்.

இந்தப் 'பாதி'யில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மூரில் பலரும் போடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையில் சேர்ந்தது. அதில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும். அட்டையில் எஸ்ஆர், இஆர், பிஆர் என்று ஏதாவது ஒன்று அச்சிட்டிருந்தால் அதைக் கத்தியால் வெட்டக் கூடாது, பொடிக்கவும் கூடாது. வெட்டினால் மெதுவாக வர வேண்டியது ஒரேயடியாக வரும். கிளிமிபிரைடு சரிபாதியாகப் பிரியும் என்பதற்கும் உறுதி இல்லை. 2 மி.கி. கிளிமிபிரைடு உள்ள மாத்திரைக்குப் பதில் 1 மி.கி. உள்ளதை மருத்துவர் எழுதித் தருவதுதான் வழி. அதற்கு ஒரு சீட்டு வேண்டும், சீட்டுக்கு ஒரு நாள் போக வேண்டும். பிறை பார்த்த இரவில் இதைச் செய்ய முடியாது. ரமலானுக்கு முந்திய ஷஅபான் மாதத்திலேயே, முடிந்தால் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஷஅபானில் கட்டாயமில்லாத நஃபில் நோன்பு இரண்டு பிடித்து, மாற்றிய அளவோடு சர்க்கரை எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் முடியும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை, சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இதை ரமலான் தொடங்கும் நேரத்தில் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கனவே போடுபவர்கள் நோன்பு திறக்கும்போது போட்டு, இரவில் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால், மீட்டரில் 200தான் காட்டுகிறது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. இந்த மாத்திரை போடுபவர்களுக்குச் சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோன் கூடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்சுலினில் நாள் முழுதும் நிற்கும் கிளார்ஜின் போன்றதை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றி, 15 முதல் 30 சதவீதம் குறைப்பார்கள். உணவோடு போடும் விரைவு இன்சுலினில் மதிய ஊசி அறவே கிடையாது. ஸஹர் ஊசி கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை குறையும். எல்லாமே பொதுக் கணக்கு. உங்கள் எண்ணை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் 'நாள் முழுக்கச் சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு' என்று அடியோடு நிறுத்திவிடுவதும் ஆபத்து. உடலுக்கு உண்ணாத நேரத்திலும் சிறிது இன்சுலின் தேவை. முதல் வகை நோயாளிகள் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் இன்சுலின் குப்பி பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே கிடைக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. அங்கிருந்து வருபவை 100 யூனிட். அதைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். சாதாரண நாளிலேயே இது ஆபத்து. ஸஹருக்குப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஊசிக்கும் உணவுக்கும் உள்ள இடைவெளியும் நோன்பில் குலைகிறது. சாதாரணக் கலப்பு இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டியது. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பைத் திறந்து, ஊசி போட்டு, மஃரிப் தொழுதுவிட்டு முக்கிய உணவுக்கு உட்கார்ந்தால் அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. ஊசியை மாலையில் போட்டுவிட்டு வெறும் கஞ்சியோடு தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் போய், பெரிய சாப்பாட்டைப் பத்து மணிக்கு வைத்துக்கொண்டால், தொழுகையில் குனிந்து நிமிரும்போது சர்க்கரை இறங்கும், நள்ளிரவில் ஏறும்.

சர்க்கரை எப்போது பார்ப்பது? ஸஹருக்கு முன், காலையில், நண்பகலில், மாலை நாலு மணிவாக்கில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. ஒரு ஸ்டிரிப்பின் விலையை நினைத்தால் எல்லாக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகாது. ஒரு நாளைக்கு இரண்டுதான் முடியும் என்றால், மாலை நாலு மணிக்கு ஒன்று, நோன்பு திறந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்பது என் கருத்து. முதலாவது, ஸஹர் மருந்து அதிகமா என்று காட்டும். இரண்டாவது, சாப்பாடு அதிகமா என்று காட்டும். நோன்பின் முதல் வாரத்தில் இதை விடவே கூடாது. தொழுகைக்காக ஒளு செய்த ஈரம் விரலில் இருந்தால் இரத்தம் நீர்த்துப்போகும். பேரீச்சம்பழம் தொட்ட பிசுக்கு இருந்தால் மீட்டர் இல்லாத சர்க்கரையைக் காட்டும். கை கழுவி, நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே குத்த வேண்டும்.

இரண்டு எண்களை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 70க்குக் கீழே போனால் நோன்பை முறித்துவிட வேண்டும். 300க்கு மேலே போனாலும் முறித்துவிட வேண்டும். 70க்கும் 90க்கும் இடையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, பார்வை மங்கல், பேச்சில் குழறல், காரணமில்லாத எரிச்சல் இருந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் முறிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு அடெனலால், மெட்டோபிரலால் போன்றவை போடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும். வியர்வை மட்டுமே துப்பு. 'இன்னும் இருபது நிமிடம்தானே' என்று பொறுப்பதுதான் மிகக் கொடிய தவறு. அந்த இருபது நிமிடத்தில் 62 என்பது 45 ஆகலாம்; அந்நேரம் அவர் நோன்பு திறக்க வீட்டுக்கு இருசக்கர வண்டியில் விரைந்துகொண்டிருப்பார். வண்டி எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது அவருக்கும் சாலையில் போகிறவர்களுக்கும் நல்லது.

முறிப்பது எதைக் கொண்டு? மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அல்லது அரை டம்ளருக்குச் சற்று அதிகமாகப் பழச்சாறு. 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ ரொட்டியோ ஏதாவது சாப்பிட வேண்டும். சாக்லேட், பால்கோவா வேண்டாம். அவற்றின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை போடுபவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மருந்து குடலில் சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்கள் கையில் குளுக்கோஸ் பவுடர்தான் இருக்க வேண்டும். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மருந்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போட்டு மயங்கியவர் தெளிந்துவிட்டார் என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. மருந்தின் வீரியம் இருக்கும் வரை மறுபடியும் இறங்கும்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸஹரை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது சர்க்கரை நோயாளிக்குக் கூடாது; நேரம் முடியும் தறுவாயில், இயன்றவரை தாமதமாகச் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சோறு மட்டும் நிறையச் சாப்பிட்டால் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும். கோதுமை, கேழ்வரகு, பயறு, முட்டை, காய்கறி, தயிர் என்றால் நின்று நிதானமாகச் செரிக்கும். ஊறுகாயும் கருவாடும் தாகத்தைக் கூட்டும். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை யாரும் விடச் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் குடிக்கலாம். அதுவும் அரிசிதான் என்பதை நினைவில் வைத்து, பிறகு வரும் சோற்றையோ பரோட்டாவையோ அதற்கேற்பக் குறைக்க வேண்டும். கஞ்சி, வடை, சமோசா, ரோஸ்மில்க், கடல்பாசி, அதன் மேல் பிரியாணி என்று போனால் எந்த மாத்திரையும் தாங்காது. தண்ணீரை நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை சிறிது சிறிதாக இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிக்கலாம். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்டக் கூடாது.

முதல் பிறையும் பெருநாள் பிறையும் தனிக் கவனம் கேட்பவை. பிறை அறிவிப்பு வரும்போது சிலர் இரவு ஊசியை வழக்கமான அளவில் போட்டு முடித்திருப்பார்கள். அது மறுநாளும் வேலை செய்யும். ஆகவே பிறை எதிர்பார்க்கும் இரவில் என்ன அளவு என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். பெருநாள் காலையிலேயே பழைய வேளைக்கும் பழைய அளவுக்கும் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு, ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு பிடிப்பவர்கள், அந்த ஆறு நாளும் ரமலான் அளவுக்கே மாற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய அளவோடு நோன்பும் பிடித்துவிடுகிறார்கள். ரமலானைப் பத்திரமாகக் கடந்தவர் ஷவ்வாலில் விழுவதற்கு இதுவே காரணம்.

இதற்கெல்லாம் பெரும் செலவு ஒன்றும் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்கள், ஷஅபான் மாதத்தில் 'நோன்பு பிடிப்பீர்களா?' என்று ஒரு கேள்வி கேட்டு, ஆம் என்பவர்களை மருத்துவரிடம் அனுப்பலாம். மருந்துச் சீட்டில் காலை, இரவு என்று எழுதுவதற்குப் பதில் அந்த மாதத்துக்கு மட்டும் 'நோன்பு திறக்கும்போது', 'ஸஹருக்கு' என்று எழுதலாம். ஜமாஅத்துகள் பள்ளிவாசலில் ஒரு மீட்டரும் ஸ்டிரிப்பும் குளுக்கோஸ் பவுடரும் வைக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ரமலானில் ஸஹர் முடிவு நேரத்தையும் நோன்பு திறக்கும் நேரத்தையும் அச்சிடும்போது, அதன் கீழே இரண்டு வரி இடம் கொடுங்கள்: 'சர்க்கரை 70க்குக் கீழோ 300க்கு மேலோ போனால் நோன்பை முறித்துவிடுங்கள். விரலில் குத்திப் பார்த்தால் நோன்பு முறியாது.' ஜமாஅத்துகள் அச்சிடும் நோன்பு நேர அட்டையிலும் இதைப் போடலாம். வீடுகளில் பெண்கள் இதைப் பார்ப்பது மிக முக்கியம். ஜும்ஆ பயானில் சொல்வது அவர்களில் பலரின் காதுக்கு வருவதில்லை. மாலை முழுதும் அடுப்படியில் நின்று, மஃரிபுக்கு எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஊசி போட்டுக்கொண்ட பிறகும் கடைசியாகச் சாப்பிட உட்காருபவர்கள் அவர்கள்தாம். அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த அட்டையில் இருந்தால் அவர்கள் கண்ணில் படும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.